‘மழையே இல்லையே... வெள்ளம் எப்படி வரும்?’ உங்க ஊருக்கு வருவது எந்த ரக வெள்ளம்?

‘‘இங்க ஒரு சொட்டு மழை இல்லை. வெயில் கொளுத்துது. இதுல வெள்ளம் வருதாம்!’’

ஆற்றங்கரை ஊர்களில் தண்டோரா போடும்போது டீக்கடை பெஞ்சில் இப்படி ஒரு பேச்சு கண்டிப்பாக கேட்கும். 2018-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஈரோடு, நாமக்கல் மாவட்ட காவிரிக்கரையில் நிலைமை இதுதான். உள்ளூரில் பெரிய மழை இல்லை. ஆனால் பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சட்டி, பானை, டி.வி., பள்ளிக்கூட புத்தகம் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள்.

இதற்கு நேர் எதிரான சம்பவம் 2024-ம் ஆண்டு மே 17-ந்தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது. அருவியில் சுற்றுலா பயணிகள் குளித்துக் கொண்டிருந்தனர். மலைக்கு மேலே பெய்த மழையால் திடீரென காட்டாற்று வெள்ளம் பாய்ந்து வந்தது. அலறி அடித்துக்கொண்டு ஓடியவர்கள் தப்பினார்கள். சிறுவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு பலியானான்.

முதல் சம்பவத்தில் வெள்ளம் வரப்போவது முன்கூட்டியே தெரியும். இரண்டாவதில் கிடைத்தது சில நிமிடங்கள்தான். ரெண்டுக்கும் பெயர் வெள்ளம். ஆனால் ரெண்டையும் ஒரே மாதிரி கணிக்க முடியாது. ஒரே மாதிரி தப்பிக்கவும் முடியாது. இது தெரியாமல் போவதால்தான் பல உயிர்கள் போகின்றன. அதுபற்றிய விவரம் வருமாறு:-

பஸ் மாதிரி வரும் வெள்ளம்

காவிரி சுமார் 800 கிலோ மீட்டர் நீளம் கொண்ட ஆறு. கர்நாடக மாநிலம் குடகு மலையில் கொட்டும் மழை நேராக நம்ம ஊருக்கு வந்து விடாது. முதலில் கிருஷ்ணராஜசாகர், கபினி போன்ற அணைகளை நிரப்ப வேண்டும். அங்கே உபரி நீர் திறந்தால் அது தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவை தாண்டி, ஒகேனக்கல் வழியாக மேட்டூர் அணைக்கு வர வேண்டும். மேட்டூரும் 120 அடி நிரம்பி வழிந்தால்தான் ஈரோடு, கரூர், திருச்சி பக்கம் வெள்ள பயம்.

இது பஸ் கணக்கு மாதிரி. சேலத்தில் பஸ் கிளம்பி விட்டது என்று தெரிந்தால், கரூருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லி விடலாம். அதுபோல, மேலே உள்ள ஊரில் ஆற்று மட்டம் எவ்வளவு ஏறி இருக்கிறது என்று அளந்தால், கீழே உள்ள ஊருக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்கு போட்டு விடலாம்.

இந்த வேலையைத்தான் மத்திய நீர்வள ஆணையம் செய்கிறது. 1958-ம் ஆண்டு டெல்லி யமுனை ஆற்றில் தொடங்கிய இந்த வெள்ள முன்னறிவிப்பு இப்போது நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு செய்யப்படுகிறது. ஆற்றில் அளவுகோல் நட்டு வைத்திருப்பார்கள். வெள்ள நேரத்தில் மணிக்கு ஒரு தடவை மட்டத்தை குறிப்பார்கள். தானியங்கி கருவிகளும் உண்டு.

ஒவ்வொரு இடத்துக்கும் 2 கோடுகள் முக்கியம். ஒன்று, எச்சரிக்கை மட்டம். தண்ணீர் இதை தொட்டால் மூட்டை கட்ட தயாராக இருக்க வேண்டும். அடுத்தது, அபாய மட்டம். இதை தாண்டினால் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகும் என்று அர்த்தம்.

எனவே பெரிய ஆற்றங்கரையில் வசிப்பவர்கள் தங்கள் தலைக்கு மேலே உள்ள மேகத்தை பார்த்து பிரயோஜனம் இல்லை. மேலே உள்ள அணையில் இருந்து எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1 கனஅடி என்றால் எவ்வளவு?

‘வினாடிக்கு 1 லட்சம் கனஅடி திறப்பு’ என்று செய்தியில் படிக்கிறோம். அது எவ்வளவு தண்ணீர் என்று பலருக்கு பிடிபடுவது இல்லை.

1 கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். அதாவது 2 குடத்துக்கு கொஞ்சம் குறைவு. 1 லட்சம் கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 28 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரியை வைத்து கணக்கு போட்டால், ஒரு வினாடிக்கு 230-க்கும் மேற்பட்ட லாரி தண்ணீரை ஒன்றாக கவிழ்த்த மாதிரி. நீங்கள் ஒரு தடவை கண் சிமிட்டி திறப்பதற்குள் அவ்வளவும் கடந்து போய் விடும். இதில் இறங்கி ஆடு, மாட்டை ஓட்டி வரலாம் என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

சந்தில் இருந்து பாயும் ஆட்டோ

காட்டாற்று வெள்ளம் பஸ் மாதிரி வராது. சந்துக்குள் இருந்து ஹாரன் அடிக்காமல் பாய்ந்து வரும் ஆட்டோ மாதிரி வரும். மழை பெய்து 6 மணி நேரத்துக்குள் பாய்ந்து வரும் வெள்ளத்தை திடீர் வெள்ளம் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் அந்த 6 மணி நேரமும் கிடைக்காது. அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம்.

காரணம், மலைச்சரிவு செங்குத்தாக இருக்கிறது. ஓடை குட்டையாக இருக்கிறது. பாறையில் விழுந்த தண்ணீர் நிலத்துக்குள் இறங்காது. அத்தனையும் ஒரே ஓடைக்குள் திரண்டு கீழே உருண்டு வரும்.

இதை ஏன் நாள் கணக்கில் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை?

இடி மேகம் என்பது சில கிலோ மீட்டர் அகலம்தான் இருக்கும். அதன் ஆயுளே ஒன்றிரண்டு மணி நேரம்தான். மேற்கு தொடர்ச்சி மலையின் உச்சிக்கு அந்தப்பக்கம் கொட்டினால் தண்ணீர் கேரளாவுக்கு போகும். இந்தப்பக்கம் கொட்டினால் தென்காசிக்கு வரும். ‘தென்காசி மாவட்ட மலைப்பகுதியில் கனமழைக்கு வாய்ப்பு’ என்று முந்தைய நாளே சொல்லலாம். ‘சாயங்காலம் 3 மணிக்கு இந்த அருவியில் வெள்ளம் வரும்’ என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்காக வேறு ஒரு முறை இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் தெற்காசிய நாடுகளுக்கான திடீர் வெள்ள வழிகாட்டி முறையை தொடங்கியது. இதில் நிலத்தை 4 கிலோ மீட்டருக்கு 4 கிலோ மீட்டர் என்று கட்டம் கட்டமாக பிரிக்கிறார்கள். அந்த கட்டத்தில் மண் ஏற்கனவே எவ்வளவு ஈரமாக இருக்கிறது, இன்னும் எவ்வளவு மழை பெய்தால் ஓடை நிரம்பி வழியும் என்று கம்ப்யூட்டர் கணக்கு போடும். அடுத்த 6 மணி நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை, 24 மணி நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை என்று 2 விதமாக சொல்கிறார்கள். 24 மணி நேர கணிப்பு வந்தால் உஷாராகலாம். 6 மணி நேர கணிப்பு வந்தால் ஓடைப்பக்கமே போகக்கூடாது.

மண் ஈரம் ஏன் முக்கியம்? காய்ந்த பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். நனைந்த பஞ்சில் ஊற்றினால் அப்படியே வழியும். 3 நாள் விடாமல் பெய்த பிறகு வரும் நாலாவது நாள் மழை கொஞ்சமாக இருந்தாலும் ஊரை மூழ்கடிப்பது இதனால்தான்.

ஒரே மழை... ரெண்டு வெள்ளம்!

இந்த 2 ரக வெள்ளமும் ஒரே மழையில் வந்த கதை 2024-ம் ஆண்டு டிசம்பரில் நடந்தது.

பெஞ்சல் புயல் நவம்பர் 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரையை கடந்தது. புயல் போய் விட்டது என்று பெருமூச்சு விட்ட நேரத்தில், அது உள்மாவட்டங்களில் நின்று கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் டிசம்பர் 2-ந்தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை பதிவானது. ஏரி நிரம்பி வழிந்தது. ரோட்டோரம் நிறுத்தி இருந்த வேன்கள் விளையாட்டு பொம்மை போல அடித்துச் செல்லப்பட்டன. இது திடீர் வெள்ளம்.

அதே மழை தென்பெண்ணை ஆற்றிலும் இறங்கியது. ஆற்று நீர் சாத்தனூர் அணைக்கு மளமளவென்று வந்து சேர்ந்தது. அணை தாங்காது என்பதால் 2-ந்தேதி அதிகாலையில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. லாரி கணக்கில் சொன்னால் வினாடிக்கு கிட்டத்தட்ட 400 லாரி. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின. இது ஆற்று வெள்ளம்.

முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் திறந்து விட்டார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. 5 முறை எச்சரிக்கை கொடுத்த பிறகே திறந்தோம் என்று அரசு தரப்பில் பதில் சொல்லப்பட்டது.

இந்த சண்டை ஒருபுறம் இருக்கட்டும். பகலெல்லாம் செங்கல் சூளையிலும் கரும்பு தோட்டத்திலும் உழைத்து விட்டு, ராத்திரி அசந்து தூங்கும் மனுஷன் நடுராத்திரியில் வரும் எஸ்.எம்.எஸ்.சை எப்படி பார்ப்பான்? கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது தூங்குகிறவனை தட்டி எழுப்ப வேண்டும். ஊரில் 4 பேர் முழித்திருந்து கதவை தட்டினால்தான் அந்த எச்சரிக்கைக்கு உயிர் உண்டு.

95 செ.மீ. மழை

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை தூத்துக்குடி, நெல்லை மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போனதால், திருச்செந்தூரில் இருந்து சென்னைக்கு கிளம்பிய ரெயில் நின்றது. சுமார் 800 பயணிகள் நடுவழியில் தவித்தார்கள்.

தாமிரபரணி சுமார் 125 கிலோ மீட்டர்தான் ஓடுகிறது. காவிரியோடு ஒப்பிட்டால் தம்பி. மலையில் பெய்த மழை சீக்கிரமாக ஊருக்குள் வந்து விடும். அதுவும் அந்த தடவை, பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு மேலே மட்டும் மழை பெய்யவில்லை. அணைக்கு கீழே, சமவெளியிலும் கொட்டித் தீர்த்தது. அணைக்கு கீழே விழும் மழையை எந்த மதகாலும் பிடித்து வைக்க முடியாது. குளங்கள் வரிசையாக உடைந்தன. ஒரு குளம் உடைந்தால் அந்த தண்ணீர் அடுத்த குளத்துக்கு பாயும். அதுவும் உடையும்.

இங்கே இன்னொரு விஷயத்தையும் தெரிந்து கொள்ள வேண்டும். வானிலை கணக்கில் 24 மணி நேரத்தில் சுமார் 6½ செ.மீ. முதல் 11½ செ.மீ. வரை பெய்தால் கனமழை. அதற்கு மேல் சுமார் 20 செ.மீ. வரை மிக கனமழை. அதற்கும் மேல் போனால் அதி கனமழை. அதோடு பட்டியல் முடிந்து விட்டது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான், 95 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான். ‘ரெட் அலர்ட்’ என்ற வார்த்தைக்கு உச்சவரம்பு கிடையாது. ‘‘போன வருஷமும் ரெட் அலர்ட்டுன்னாங்க, முழங்கால் அளவுதானே வந்துச்சு’’ என்று வீட்டுக்குள் இருப்பது எவ்வளவு பெரிய தப்பு என்பது இதில் இருந்து தெரியும்.

சென்னை கதை வேறு

சென்னையில் மலையும் இல்லை, காவிரி மாதிரி பெரிய ஆறும் இல்லை. ஆனால் ஏரிகள் இருக்கின்றன. 2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி விடிய விடிய மழை கொட்டியது. தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து வினாடிக்கு 29 ஆயிரம் கனஅடி வரை திறக்கப்பட்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் பகுதிகள் மூழ்கின.

அன்று முதல் சென்னைவாசிகள் மழை வந்தாலே ‘செம்பரம்பாக்கம் எத்தனை அடி?’ என்றுதான் கேட்கிறார்கள். இது நல்ல பழக்கம்தான். ஆனால் பாதி பதில்தான். அடையாறு ஆற்றுக்கு ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் பக்கம் உள்ள ஏரிகளின் உபரி நீரும் வருகிறது. அதற்கு மதகு திறப்பு அறிவிப்பு எதுவும் வராது. ஏரி நிரம்பினால் தானாக வழியும். கடலில் அலை அதிகமாக இருந்தால் முகத்துவாரம் தண்ணீரை சீக்கிரம் உள்வாங்காது. செம்பரம்பாக்கத்தில் ஒரு சொட்டு திறக்காவிட்டாலும் முடிச்சூரில் வெள்ளம் வரலாம் என்பது இதனால்தான்.

‘லீவு விட்டா வெயில் அடிக்குது’

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட அன்றைக்கு வெயில் அடித்தால் கேலி பேசாத ஆளே இல்லை. அந்த கேலியில் நியாயமும் இருக்கிறது. ஒருநாள் கடை அடைத்தால் ஒருநாள் கூலி போச்சு. தள்ளுவண்டிக்காரருக்கும், கொத்தனாருக்கும், மீன் விற்கிற அம்மாவுக்கும் பொய்யாய்ப்போன எச்சரிக்கை சும்மா வருவது இல்லை. அன்றைக்கு அடுப்பு எரிவது பாதிக்கப்படும்.

ஆனால் எச்சரிக்கை என்பது ஜோசியம் அல்ல. வாய்ப்பு கணக்கு. மேகம் 50 கிலோ மீட்டர் தள்ளிப்போனால் உங்க ஊருக்கு வெயில், பக்கத்து ஊருக்கு வெள்ளம். எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் கொடுக்கப்படுகிறது. ஒரே மாவட்டத்தில் திருச்செந்தூர் மூழ்கும்போது வேறு ஒரு ஊரில் சாதாரண மழை பெய்யலாம். 5 தடவை பொய்த்துப்போன எச்சரிக்கை ஆறாவது தடவையும் பொய்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கலரை எப்படி புரிந்து கொள்வது?

வானிலை மையம் 4 கலர்களில் எச்சரிக்கை விடுகிறது.

பச்சை:- கவலை இல்லை.

மஞ்சள்:- கவனிக்க வேண்டும். டி.வி., செல்போனில் அடுத்த அறிவிப்பை பாருங்கள்.

ஆரஞ்சு:- தயாராக வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், சான்றிதழ், மாத்திரை ஆகியவற்றை பிளாஸ்டிக் கவரில் கட்டி உயரத்தில் வையுங்கள். போனுக்கு சார்ஜ் போடுங்கள்.

சிவப்பு:- நடவடிக்கை எடுக்க வேண்டும். தாழ்வான இடம் என்றால் கிளம்புங்கள்.

இதுதவிர ‘அடுத்த 3 மணி நேரத்தில்’ என்று ஒரு குறுகிய நேர கணிப்பும் வருகிறது. இது ரேடாரில் மேகத்தை நேரடியாக பார்த்து சொல்வது. மலையோர மக்கள் முந்தைய நாள் அறிவிப்போடு நின்று விடாமல் இதையும் கண்டிப்பாக பார்க்க வேண்டும்.

உங்க ஊரு எந்த ரகம்?

காவிரி, கொள்ளிடம், தென்பெண்ணை போன்ற பெரிய ஆற்றங்கரை:- உங்களுக்கு மணிக்கணக்கில், சில நேரம் நாள் கணக்கில் அவகாசம் உண்டு. மேலே உள்ள அணையின் நீர்வரத்து, திறப்பு ரெண்டையும் தினமும் கவனியுங்கள். மத்திய நீர்வள ஆணையத்தின் ‘பிளட்வாட்ச் இந்தியா’ செயலியில் ஆற்று மட்டம் எவ்வளவு என்று பார்க்கலாம். உள்ளூரில் மழை இல்லை என்பதை நம்பாதீர்கள். ராத்திரி திறப்பு இருக்கும் என்று தெரிந்தால் சாயங்காலமே மேட்டுக்கு போய் விடுங்கள்.

குற்றாலம், கொடைக்கானல், நீலகிரி, மேட்டுப்பாளையம் போன்ற மலை மற்றும் அடிவாரம்:- உங்களுக்கு நிமிடக்கணக்குதான். தெளிந்த தண்ணீர் திடீரென செம்மண் நிறமாக மாறுவது, இலை, சருகு, குச்சி மிதந்து வருவது, மேலே இருந்து லாரி வருவது போல இரைச்சல் கேட்பது ஆகியவை வெள்ளத்தின் அறிகுறிகள். ஒன்றை பார்த்தாலும் துணி, செருப்பு, பக்கெட்டை விட்டு விட்டு மேலே ஏறுங்கள். ஓடை போகும் திசையில் ஓடக்கூடாது. பக்கவாட்டில் மேட்டில் ஏற வேண்டும். மேட்டுப்பாளையம் பவானி ஆற்றில் குளிப்பவர்கள் பில்லூர் அணையின் நீர்மட்டத்தை கேட்காமல் இறங்கக்கூடாது. 100 அடி கொண்ட அந்த அணை நிரம்பும் தருவாயில் இருந்தால், திறப்பு எப்போது வேண்டுமானாலும் இருக்கும்.

சென்னை, புறநகர் போன்ற ஏரிகள் நிறைந்த ஊர்:- உங்க ஏரி எது, அது நிரம்பினால் தண்ணீர் எந்த வழியாக போகும் என்று பழைய ஆட்களிடம் கேட்டு வையுங்கள். கால்வாய் இருந்த இடத்தில்தான் உங்க தெரு இருக்கிறது என்றால், தண்ணீர் அந்த வழியைத்தான் தேடி வரும்.

தரைப்பாலம்தான் எமன்

எந்த ரக வெள்ளமாக இருந்தாலும் உயிர் போகும் இடம் பெரும்பாலும் தரைப்பாலம். ‘‘முழங்கால் அளவுதானே, வண்டியை முறுக்கினா தாண்டிடலாம்’’ என்று நினைக்கிறார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவர்களை கீழே தள்ளி விடும். 1 அடி இருந்தால் சின்ன கார் மிதக்கும். 2 அடி இருந்தால் பெரிய வண்டியையும் இழுத்துக்கொண்டு போய் விடும். கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் இருக்கிறதா, அரித்துப்போய் விட்டதா என்பதும் தெரியாது.

சம்பளத்துக்கு போகும் அவசரம் எல்லாருக்கும் உண்டு. அரை மணி நேரம் தாமதமானால் மேஸ்திரி திட்டுவார். பரவாயில்லை, திட்டு வாங்கிக் கொள்ளலாம்.

வெள்ள அபாயம் பற்றி தகவல் தெரிவிக்கவும், உதவி கேட்கவும் மாநில கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்ட கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்களில் பேசலாம். தமிழக அரசின் ‘டி.என். அலர்ட்’ செயலியிலும் மழை, அணை விவரங்களை தமிழில் பார்க்கலாம். ஸ்மார்ட் போன் இல்லாத பக்கத்து வீட்டு பாட்டிக்கு அதை படித்துச் சொல்ல வேண்டியது நம்ம வேலை.